சிறப்புப் பிள்ளைகள் வளர்ந்தபின் வேலை: கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள இளைஞர்களை மதுரைப் பக்கத்துக் கடைகளிலும் கம்பெனிகளிலும் சேர்த்துப் பழக்கிவிடுவது என் வேலை. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருமங்கலம் அம்மா ஒருவர்: மகனுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு 60 சதவீதம். அரசு வேலையில் இடம் உண்டா?

உண்டும்மா. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலையில் ஒதுக்கிய 3 சதவீதத்தில் நம் பிள்ளைகளுக்குப் பங்கே இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டம் அதை 4 ஆக்கி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சதவீதம் வைத்தது. பட்டம் வாங்கிய கற்றல் குறைபாடு உள்ளவரும் உங்கள் மகனும் அந்த ஒன்றுக்குள்தான் மோத வேண்டும். ஆள் கிடைக்காத இடம் அடுத்த ஆண்டுக்குப் போகும், அப்போதும் கிடைக்காவிட்டால் வேறு வகை மாற்றுத்திறனாளிக்குப் போய்விடலாம். விண்ணப்பியுங்கள், அதையே நம்பி உட்காராதீர்கள். அப்புறம், யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரிடம் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்.

மேலூர் தம்பி: யுடிஐடி கார்டுக்கு எவ்வளவு கட்டணம்?

கட்டணம் கிடையாது. ஒரிஜினல் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலூரில் மசாலா கம்பெனி வைத்திருப்பவர்: ஒரு பையனைச் சேர்க்க ஆசை. பாதி வேலைதான் செய்வான், பாதிச் சம்பளம் தரலாமா?

தனியாருக்குக் கட்டாயமே இல்லாதபோது நீங்களாக முன்வருவது பெரிய விஷயம் சார். 5 சதவீதம் பேரைச் சேர்ப்பவர்களுக்கு அரசு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்பதோடு 2016 சட்டத்தின் 35-வது பிரிவு நின்றுவிடுகிறது. ஆனால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போக முதலாளி தானாக முடிவெடுக்க முடியாது. பாதி வேலைதான் செய்வான் என்பதையும் பையனை வேலைக்கு வைத்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள். பெட்டிக்கு 20 பாக்கெட் போடும் இடத்தில் எண்ணத் தெரியாத பையன் ஒருவன் இருந்தான். பலகையில் 20 கட்டம் வரைந்து கொடுத்தோம். கட்டம் நிறைந்ததும் அப்படியே பெட்டிக்குள் தள்ளிவிடுவான். கொஞ்ச நாளில் பக்கத்து மேஜை அக்காவும் அதே பலகையைக் கேட்டார்.

வில்லாபுரம் அக்கா: வெளியே அனுப்பினால் கேலி செய்வார்கள். சிறப்புப் பிள்ளைகள் பேப்பர் கவர் ஒட்டும் பயிற்சி மையம்தான் பாதுகாப்பு.

கேலி நடக்கும், மறுக்கவில்லை. அதற்குத்தான் முதல் சில வாரம் நாங்கள் கூடவே நிற்கிறோம். மையத்தில் உங்கள் மகளுக்கு யாரைத் தெரியும் அக்கா? அவளைப் போன்றவர்களையும் டீச்சரையும்தானே?

மசாலா கம்பெனிக்காரர் மறுபடி: அந்த மையங்கள் மாதம் சில நூறு ரூபாய் தருகின்றன. அதை யாரும் கேட்பதில்லை, என்னை மட்டும் பிடிக்கிறீர்களே?

சரியான அடி. பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால் கூலி பற்றிப் பேச்சே எழுவதில்லை. அமெரிக்காவில் 1938 தொழிலாளர் சட்டத்தின் 14(சி) பிரிவு, குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்க அனுமதிக்கிறது. ஆனால் இப்போது பல மாநிலங்கள் அதைத் தடை செய்துவிட்டன. பெற்றோர்களே, பயிற்சி எந்த மாதம் முடியும், முடிந்தால் எங்கே வேலை என்று மையத்தில் கேளுங்கள். பதில் வராத இடத்தில் பிள்ளைக்கு வயதுதான் ஏறும்.

உசிலம்பட்டி: யுடிஐடி கார்டு...

மேலே பாருங்கள்.

சோழவந்தான் அப்பா: வேலைக்குச் சேர சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று வேண்டுமா?

வேண்டாம். அது 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு தருவது, வேறு தேவைக்கு.

மசாலா கம்பெனிக்காரர்: சரி, முழுக் கூலி. எப்போது வருகிறீர்கள்?

திங்கள் வேண்டாம், கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். செவ்வாய் வருகிறேன். காலிப் பெட்டி ஒன்றும் 20 பாக்கெட்டும் எடுத்து வையுங்கள்.