வாசகர் கேள்வி பதில்: தாத்தா வைத்துவிட்டுப் போன கைத்துப்பாக்கி

கேள்வி: எங்கள் அப்பத்தா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பட்டுத்துணியில் சுற்றிய, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கைத்துப்பாக்கியும் தாத்தாவின் பெயரில் உள்ள பழைய உரிமப் புத்தகமும் கிடைத்தன. உரிமம் 1960களில் காலாவதியாகிவிட்டது. நூறு வயதான பொருள் என்பதால் உரிமம் தேவையில்லை என்கிறார் என் சித்தப்பா. அது சரியா? குடும்பச் சொத்தாக அதை நாங்களே வைத்துக்கொள்ள வழி உண்டா?
- ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: உங்கள் சித்தப்பா சொல்வது பலரும் நம்புகிற, ஆனால் ஆபத்தான ஒரு பாதி உண்மை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆவது பிரிவில், வழக்கொழிந்த வகை ஆயுதங்களுக்கும் தொன்மை மதிப்புள்ளவற்றுக்கும் விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் அந்த ஆயுதம் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாத நிலையில் இருக்க வேண்டும் என்பது அதே விதியில் உள்ள நிபந்தனை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட சிறு கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த நிபந்தனையில் தேறுவதில்லை. எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்த ஒரு பிஸ்டல் நூறாண்டு கடந்தும் சுடக்கூடும், அதற்கேற்ற .25, .32 போர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) தோட்டாக்களும் இன்றும் தயாரிக்கப்படுகின்றன. எனவே வயதை மட்டும் காட்டி உரிமத்திலிருந்து தப்ப முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்பதைச் சித்தப்பாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, அதை யாரும் கையில் எடுத்துப் பார்க்காமல் இருப்பது. பிடிக்குள் இருக்கும் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை, கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். குழலின் பின்புற அறையில் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஒரு தோட்டா அப்போதும் அங்கேயே இருக்கும். அக்கால பிஸ்டல்கள் பலவும் மேகசின் இல்லாத நிலையிலும் அந்தத் தோட்டாவைச் சுட்டுவிடும். சோதிக்கும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ காவல்துறையினரிடமோ விட்டுவிடுங்கள்.

அடுத்து, உரிமம் காலாவதியான ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21ஆவது பிரிவு. பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்ல வேண்டாம். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, கிடைத்த விதத்தை விவரித்து எழுத்து மூலம் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், போர் ஆகிய மூன்றும் உள்ள ரசீது இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். ஒப்படைத்தால் போயிற்று என்று அஞ்ச வேண்டியதில்லை. உரிமம் பெற்ற பின் திரும்பப் பெறவும், உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கவும் அதே பிரிவு உரிமை தருகிறது. ஆனால் குறித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால் அது அரசுடைமையாகிவிடும்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25ஆவது விதி, உரிமதாரர் இறந்தபின் அவருடைய சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரும் ஒப்புதலும் தேவைப்படும். இந்த இடத்தில்தான் தாத்தாவின் உரிமப் புத்தகம் விலைமதிப்பற்றதாகிறது. அந்த ஆயுதம் முறையாக வாங்கப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை. துப்பாக்கியைப் பத்திரப்படுத்திவிட்டு இந்தப் புத்தகத்தைப் பழைய தாள்களோடு எடைக்குப் போட்ட குடும்பங்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் உரிமத்தோடு உள்ள பழைய கைத்துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது என்று எப்படி அறிவது? குழலை அடைத்துக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: மேற்பாகத்தின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள். பெல்ஜியத்தின் ஏர்ஸ்டால் நகரத்து எஃப்.என். தொழிற்சாலையின் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்ததாக இருக்கும். சட்டைப்பைக்கென்றே அவர் உருவாக்கிய .25 போர் பிஸ்டலின் நீளம் சுமார் 11 செ.மீ. மட்டுமே, ஆறு தோட்டாக்கள் கொள்ளும். குழலின் அருகே நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற ரோமன் எழுத்துகள் தெரிந்தால், அது பெல்ஜியத்தின் லியேஜ் சோதனைச்சாலை அழுத்தச் சோதனை செய்து இட்ட முத்திரை. பறக்கும் தோட்டாவுக்கு இறக்கை வைத்த சின்னம் என்றால், பர்மிங்காமின் வெப்லி நிறுவனம்.

இவ்வகைத் துப்பாக்கிகள் நம் வரலாற்றிலும் இருக்கின்றன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜிய பிரௌனிங்தான். சந்திரசேகர் ஆசாதிடம் இருந்த, கோல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் .32 போர் பிஸ்டலும் பிரௌனிங்கின் வடிவமைப்பே. அது அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குழலை அடைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஆயுதத்தை மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் அதற்கான உரிமம் பெற்றவர்களுக்கே அனுமதிக்கப்பட்டவை; லேத் பட்டறையில் கொடுத்து அடைத்தால் கொடுத்தவரும் செய்தவரும் சிக்கலில் மாட்டுவார்கள். அதோடு, அந்த முத்திரைகளும் வரிசை எண்ணும் சிதைந்துவிட்டால் அதன் கதையும் அழிந்துபோகும். கண்ணாடிப் பேழையும் வேண்டாம்; பூட்டிய இரும்புப் பெட்டிதான் அதற்கு இடம், தோட்டாக்களுக்கு வேறொரு பூட்டு. விருந்தினருக்குக் காட்ட நல்ல புகைப்படம் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. என்னிடம் இரண்டு துப்பாக்கிகள் உரிமத்தோடு உள்ளன. உயிரோடு இருக்கும்போதே ஒன்றை மகள் பெயருக்கு மாற்ற முடியுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: முடியும். உரிமதாரர் 70 வயதை அடைந்தாலோ, அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் கோரலாம் என்று மேலே சொன்ன 25ஆவது விதியே கூறுகிறது. மகளும் வாரிசுதான், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவச் சான்று, காவல்துறை விசாரணை ஆகியவை அவருக்கும் உண்டு. ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற 2019 திருத்தம் வாரிசுரிமையில் வருபவற்றுக்கும் பொருந்தும் என்பதால், மகளிடமோ மருமகனிடமோ ஏற்கெனவே உரிமம் இருந்தால் யார் பெயரில் எத்தனை என்பதைக் கணக்கிட்ட பிறகே விண்ணப்பம் கொடுங்கள். கோவை மாநகர எல்லைக்குள் இருந்தால் காவல் ஆணையரிடமும், மற்ற பகுதிகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் விசாரியுங்கள்.