மழை விட்ட பிறகும் சைட்டில் வேலை ஏன் சீராக ஓடுவதில்லை?

மழை விட்ட பிறகும் ஒரு கிழமை வேலை ஓடுகிறது, அடுத்த கிழமை படுத்துவிடுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹட்டன் பக்கம் தோட்ட வீட்டு வேலைகளில் 11 வருடமாக சுப்பவைசராக நிற்கிறேன், மழையை இரண்டாவதாகத்தான் வைப்பேன். மே தொடங்கி செப்டெம்பர் வரை இங்கே கொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலில் கீழ்நாட்டு மேசன்மார் புதுவருடத்துக்கு ஊருக்குப் போவார்கள், டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன், மஸ்கெலியா வீதியில் மணல் லொறி ஊர்ந்துதான் வரும். இதெல்லாம் கலண்டரிலேயே இருக்கிறது, ஆயத்தமாகலாம்.

அடிப்பது வேறு. போன வருடம் ஒரு லயத்துக்குக் கீழே ஆறு வீடு கட்டினோம். கதவு நிலை வந்துவிடும் என்று நம்பி மேசன் பாஸை இறக்கிவிட்டேன். நிலை வராமல் மூன்றாம் நாள் கட்டு நின்றது, அவர் சும்மா இருக்க முடியாதே, தலவாக்கலையில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிலை வந்தது ஐந்தாம் நாள், பாஸ் திரும்பி வந்தது பதினான்காம் நாள். இடையில் வயரிங் தம்பி சொன்ன நாளுக்குச் சரியாக வந்து, குழாய் பதிக்கச் சுவர் இல்லாமல் திரும்பிப் போனார், அவரை மறுபடி பிடிக்க இன்னொரு கிழமை.

திட்டத்தில் நாம் சராசரியை எழுதுகிறோம், கிழமைக்கு இரண்டு வீடு என்று. முதல் கிழமை பூச்சியம், அடுத்த கிழமை நான்கு என்றாலும் சராசரி இரண்டுதான். ஆனால் பின்னால் நிற்கும் பூச்சு வேலைக்காரர்களால் கிழமைக்கு இரண்டு வீடுதான் பூச முடியும் என்றால், அந்தப் பூச்சியக் கிழமை அவர்களுக்குப் போனது போனதுதான்.

வேலை இப்படி ஏன் நிற்கிறது என்பதைப் பின்லாந்து ஆய்வாளர் லௌரி கோஸ்கெலா கணக்காகக் காட்டினார். ஒரு வேலைக்கு வரைபடம், சாமான், ஆள், கருவி, இடம், முந்திய வேலை, வெளிநிலைமை என்று ஏழும் சேர வேண்டும். ஒவ்வொன்றும் 95 வீதம் நிச்சயம் என்றாலும் ஏழும் ஒன்றாக அமைய வாய்ப்பு ஏறக்குறைய 70 வீதம்தான்!

சரி, என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமை பின்னேரம் பாஸ்மார், வயரிங் தம்பி எல்லோரையும் உட்காரவைத்து அடுத்த கிழமை வேலைக்கு இந்த ஏழு விஷயத்தையும் கேளுங்கள், ஒன்று குறைந்தாலும் அந்த வேலையைத் தொடங்கவேண்டாம். தோட்டப் பாதையில் லொறி ஏறுமா என்பதை நான் தனியாகவும் கேட்பேன். அப்புறம், முடியாமல்போன வேலைக்குப் பக்கத்தில் காரணத்தைக் கொப்பியில் எழுதிவையுங்கள். என் கொப்பியில் 'மழை'யைவிட 'சாமான் வரவில்லை' என்பதுதான் கூட இருக்கிறது.