தொப்பியைத் தபாலில் போட்டது யார்?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1998-இல் சிட்னிக்கு வந்தவன். இப்போது டூங்காபியில் வீடு. மனைவி, 17 வயது மகன், 11 வயது மகள். வந்த வருடமே மனைவியின் அண்ணன் என்னைப் பரமட்டாவின் ரக்பி லீக் மேட்சுக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து எனக்குப் பரமட்டாதான். மகனையும் அப்படியே வளர்த்தேன். 2022 கிராண்ட் ஃபைனலில் பென்ரித்திடம் தோற்றோம். அடுத்த வாரமே, "இனி நான் பென்ரித்" என்றுவிட்டான். இப்போது கறுப்பு ஜெர்சியோடு வீட்டுக்குள் திரிகிறான். மைதானத்தில் என் பக்கத்து சீட் காலி. முன்பெல்லாம் சொன்னதைக் கேட்கிற பிள்ளை, அக்கா. அதே வருடம் ஜூனில் அவன் பிறந்தநாளுக்கு மாமா, அதுதான் என்னைக் கூட்டிப்போன அந்த மச்சான், ஒரு பரமட்டா தொப்பி அனுப்பியிருந்தார். (சீட்டுப் பிடித்த காசு விஷயத்தில் 2017 முதல் அவரோடு பேச்சில்லை. அது வேறு கதை.) திருப்பி அனுப்பு என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவனே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தான். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது? ஒரு டீம் என்றால் வாழ்நாள் முழுக்க அதோடுதான் நிற்க வேண்டும் என்று எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. டீம் மாறும், ஜெர்சியின் நிறம் மாறும், எழுதுகிற அப்பா மட்டும் மாறவே மாட்டார். "வளருகிற பிள்ளை, போகப் போகச் சரியாகிவிடும்" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். நீங்கள் அடைப்புக்குறி போட்டு மூடிவைத்த இடத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி.

பரமட்டாவை நீங்கள் எப்போது தெரிந்தெடுத்தீர்கள்?

1998 என்றால் அந்த வருடத்து அரையிறுதி நினைவிருக்கும். கன்டர்பரிக்கு எதிராக 18–2 என்று முன்னால் நின்றார்கள், ஆட்டம் முடியப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல்தான் மீதி. அதைப் பறிகொடுத்து, கூடுதல் நேரத்தில் 32–20 என்று தோற்றார்கள். புதிதாக வந்த ஒருவரைக் கூட்டிப்போய் உட்காரவைக்க அதைவிட மோசமான வருடம் கிடையாது. 2001-இல் எல்லா டீமையும் அடித்துத் துவைத்துவிட்டு, கிராண்ட் ஃபைனலில் நியூகாஸிலிடம் பாதி நேரத்திலேயே 24–0 என்று பின்தங்கித் தோற்றார்கள். 2009-இல் மெல்பேர்ன். அந்த மெல்பேர்னின் பட்டத்தை, ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உள்ள உச்சவரம்பை மீறியதற்காக அடுத்த வருடம் பறித்தார்கள், ஆனால் பரமட்டாவுக்குக் கொடுக்கவில்லை. 2022-இல் பென்ரித், 28–12. பரமட்டாவின் பட்டங்கள் 1981, 82, 83, 86, அவ்வளவுதான். கடைசிப் பட்டத்தில்கூட ஒரு டிரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுக்கிற புள்ளி) கிடையாது, 4–2 என்று பெனால்டி உதையிலேயே முடிந்த ஆட்டம். இதெல்லாம் நீங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. நீங்கள் கண்ணால் கண்டது தோல்விதான்.

புத்தியுள்ளவன் யாரும் இப்படிப்பட்ட டீமைத் தேடிப்போய் எடுக்கமாட்டான். உங்கள் மச்சான் கூட்டிப்போனார், நீங்கள் போனீர்கள். ஊர் தெரியாது, பந்தை ஏன் பின்பக்கமாகவே எறிகிறார்கள் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த மனிதரைத் தெரியும். அவர் எழுந்தபோது எழுந்தீர்கள், தலையில் கைவைத்தபோது நீங்களும் வைத்தீர்கள்.

எல்லோருக்கும் டீம் இப்படித்தான் வந்து சேர்கிறது. இந்த விளையாட்டு சிட்னியில் 1908-இல் தொடங்கியதே பேட்டைக்கு ஒரு டீம் என்றுதான். 1959 வரைக்கும் ஆட்டக்காரரே தான் குடியிருக்கிற பேட்டைக்குத்தான் ஆடலாம் என்று விதி இருந்தது. பார்ப்பவர்களைக் கேட்கவே வேண்டாம், பிறந்த தெருவே டீமைக் கொடுத்துவிடும். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஓர் ஆறுதான் எல்லை. மேற்கே ஒரு டீம், கிழக்கே ஒரு டீம். சிட்னியின் லக்கெம்பா, பெல்மோர் பக்கம் லெபனான் குடும்பங்கள் புல்டாக்ஸை, அதாவது அதே கன்டர்பரியை, எப்படித் தங்கள் டீம் ஆக்கிக்கொண்டன என்று பாருங்கள். லெபனானில் பிறந்து சிறுவனாக இங்கே வந்த ஹசீம் எல் மஸ்ரி அந்த டீமுக்காகப் புள்ளி புள்ளியாகக் குவித்தபோது, ஆட்டத்தின் விதியே தெரியாத பாட்டிமார்கூட டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பேரன் பார்க்கிறான், அதனால் பாட்டி பார்க்கிறாள்.

சவுத் சிட்னியின் கதையும் உங்களுக்குத் தெரியும். 1999-க்குப் பிறகு அவர்களைப் போட்டியிலிருந்தே வெட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் ஆடுவதற்கு டீமே இல்லை, ஆதரவாளர்கள் மட்டும் இருந்தார்கள்! ஊர்வலம் போனார்கள், நீதிமன்றம் போனார்கள், 2002-இல் டீமைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மைதானத்தில் ஆளே இறங்காத டீமுக்காக அத்தனை பேர் ஏன் தெருவுக்கு வந்தார்கள்? அப்பன் கூட்டிப்போன டீம், மாமன் கூட்டிப்போன டீம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இனித் தொப்பிக்கு வருவோம்.

பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். ஐந்து வருடமாக வீட்டு வாசல் மிதிக்காத மாமா, நாள் மறக்காமல் ஒரு பொதி அனுப்புகிறார். உள்ளே நீலமும் மஞ்சளுமாக ஒரு தொப்பி. உங்கள் டீமின் தொப்பி, தம்பி! உங்களை எந்த டீமுக்குள் கூட்டிப்போனாரோ அதே டீமின் தொப்பி. பிள்ளை அதைத் தலையில் வைத்துப் பார்த்தானா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்துப் பார்க்காத பிள்ளை உண்டா? பிறகு அதைக் கழற்றி, மடித்து, பெட்டியில் போட்டு, மாமாவின் விலாசத்தைத் தன் கையெழுத்திலேயே எழுதி, தபால் கந்தோரில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். செலவுக்குக் காசு நீங்கள்தானே கொடுத்தீர்கள்?

இதை அவனுடைய கீழ்ப்படிவுக்குச் சாட்சியாக என்னிடம் எழுதுகிறீர்கள். வாசித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. பெரியவர்கள் சண்டையில் பிள்ளையைத் தபால்காரன் ஆக்குவது எந்த ஊர் வழக்கம்? கோபம் உங்களுடையது என்றால் நீங்களே கொண்டுபோய்ப் போட்டிருக்க வேண்டும். போட முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்திருந்தால் பேசாமல் விட்டிருக்க வேண்டும்.

அது ஜூன் மாதம். அக்டோபர் தொடக்கத்தில் கிராண்ட் ஃபைனல், அடுத்த வாரம் அவன் பென்ரித். தோல்வியால்தான் போனான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. அவன் பிறந்ததிலிருந்து பரமட்டா தோற்பதைத்தானே பார்த்து வந்திருக்கிறான்? தோல்வி அவனுக்குப் பழகியது. மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு, ஒன்பது வயதில் ஒரு பக்கம் காலியானது. அப்போது யாராவது அவனை உட்காரவைத்து ஏன் என்று சொன்னீர்களா? 2019-இல் புதிய மைதானம் திறந்ததும் நீங்கள் இரண்டு சீட் எடுத்தீர்கள். அதே மைதானத்தில் மச்சானும் எங்கோ உட்கார்ந்திருப்பார், இல்லையா? பாதி மேட்சுக்கு நீங்கள் பார்க்காத பக்கத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

"வாழ்நாள் முழுக்க" என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு, பத்தொன்பது வருடம் கூடவே இருந்த மச்சானைச் சீட்டுக் காசுக்காக விட்ட வீட்டில் அந்தப் பேச்சு எப்படி எடுபடும்? விட்டுவிட்டுப் போகலாம் என்பதை அவன் பென்ரித்காரர்களிடம் கற்கவில்லை.

காசு சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. சீட்டில் காசு போனால் வயிறு எரியும். அவர் ஏமாற்றினாரா, சீட்டு எடுத்த வேறு யாரோ கைவிரித்ததற்கு அவர் பழி சுமக்கிறாரா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன். அந்த உறவு உங்கள் வழியாக வந்ததில்லை, அதை வெட்ட உங்களுக்கு உரிமையும் இல்லை. இதைப் பழைய காலத்துப் பேச்சு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், என் எண்ணம் இதுதான். உங்களுக்குப் பெண் பிள்ளையும் இருக்கிறாள், 11 வயது. இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்குத் தண்ணீர் வார்க்க யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்? மண்டபத்தை ஆறு மாதம் முன்பே பிடித்துவிடலாம், தாய்மாமனை அப்படிப் பிடிக்க முடியாது. அப்புறம், இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. தன் அண்ணன் அனுப்பிய பொதி திரும்பிப் போவதை அவரும் அதே வீட்டில் இருந்துதானே பார்த்தார்?

பென்ரித்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கிற டூங்காபியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் பரமட்டா, மறுபக்கம் பென்ரித், ஒரே தண்டவாளம். வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பக்கம் இருப்பார்கள். 2021-இலிருந்து 2024 வரை நாலு பட்டம் வரிசையாக வாங்கிய டீமோடு போய்ச் சேருவதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை, அதை அவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் ஒன்றை விசாரியுங்கள். பென்ரித் மைதானத்துக்கு அவனை முதலில் கூட்டிப்போனது யார்? நண்பனா, நண்பனின் அப்பாவா? உங்களுக்குத் தெரியவில்லை என்றால், ஜெர்சியைவிட அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

செய்ய வேண்டியது இதுதான். மகனுக்கு டீம் விசுவாசம் பற்றி வகுப்பு எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சீட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்து, வரவேண்டியது எவ்வளவு, விட்டுக்கொடுக்கக்கூடியது எவ்வளவு என்று மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மச்சான் வீட்டுக்குப் போங்கள். முன்கூட்டியே போன் செய்யுங்கள், செய்வது நீங்களாக இருக்க வேண்டும், மனைவியின் தலையில் கட்டாதீர்கள். மகன் எல் போர்டோடு கார் ஓட்டப் பழகுகிறான் என்றால் 120 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டுமே, அவனையே ஓட்டச் சொல்லுங்கள். கணக்கை அன்றைக்குப் பேசாதீர்கள், அதற்கு வேறொரு நாள் நீங்கள் இரண்டு பேரும் தனியாக உட்காருங்கள். அங்கே போனதும், அந்தத் தொப்பி இன்னும் இருக்கிறதா என்று மகன் முன்னால் நீங்களே கேளுங்கள். திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான், அவன் இல்லை என்று சொல்லுங்கள்.

பையன் கறுப்பு ஜெர்சியோடுதான் வருவேன் என்றால் வரட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அதைப் பார்த்து நாலு கேள்வி கேட்பதற்கு அங்கே மாமா இருக்கிறார்.