கப்பல் கொட்டுற தண்ணியால நம்ம சிப்பி அழியுதா, கேஸ் போட 1,500 ரூபாய் குடுக்கலாமா?

கேள்வி: கடியபட்டணத்துல சிப்பி எடுக்கப் போறவன் நான். ரெண்டு சீசனா பாறையில சிப்பி கொறவு. விழிஞ்ஞத்துக்கு வாற கப்பலு வெளிநாட்டு தண்ணிய கொட்டுது, அதுல வந்த கருத்த சிப்பிதான் நம்ம சிப்பிய அழிக்குதுன்னு ஒருத்தர் சொல்லுதாரு. கப்பலு சைடுல தண்ணி கொட்டுத வீடியோவும் காட்டினாரு. கேஸ் போட்டு ஆளுக்கு நஷ்டஈடு வாங்கித் தாறேன், 1,500 ரூபாயும் ஆதார், பாஸ்புக் காப்பியும் தாங்கன்னு கேக்காரு. குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க தம்பி. அத முதல்லயே சொல்லிடுறேன், காரணம் பிறகு.

அந்த வீடியோல கொட்டுற தண்ணி பெரும்பாலும் இன்ஜின் சூட்ட தணிக்க கடல்ல இருந்து எடுத்து கடல்லயே விடுற தண்ணி. இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடுற எந்த கப்பல்லயும் அது ஊத்திக்கிட்டேதான் இருக்கும். நான் இருவது வருஷம் கப்பல்ல இருந்தவன், கடைசியில சீஃப் ஆபீசர், பேலஸ்ட் தண்ணி என் பொறுப்புதான். வெறும் வீடியோவ பாத்து இது எந்த தண்ணின்னு என்னாலயே சொல்ல முடியாது, அவரு எப்படி சொல்லுறாரு?

பேலஸ்ட்ன்னா இவ்வளவுதான். சரக்கு இல்லாத கப்பல் மேல தூக்கிக்கிட்டு நிக்கும், காத்து அடிச்சா ஆடும், அதனால அடியில உள்ள டேங்க்ல கடல் தண்ணிய ஏத்தி கனம் வைப்பாங்க. சரக்கு ஏத்துற ஊருல அந்த தண்ணிய வெளிய விடுவாங்க. அப்போ யாரு வெளியூர் தண்ணிய கொட்டுவான்? ஏத்த வர்றவன். இறக்க வர்றவன் நம்ம தண்ணிய மொண்டுட்டு போவான். தூத்துக்குடிக்கு நிலக்கரி கொண்டு வர்ற கப்பல் அப்படித்தான், நிறைஞ்சு வந்து காலியா போகுது. விழிஞ்ஞத்துல கன்டெய்னர் பெட்டிய இறக்குறதும் ஏத்துறதும் சேந்தே நடக்கும், அதனால டேங்குக்கு டேங்க் மாத்தியே பெரும்பாலும் சமாளிச்சுருவாங்க. ஒண்ணுமே கொட்டல்லன்னு நான் சொல்லல, ஆனா அந்த ஆளு சொல்லுற அளவு கிடையாது.

பயம் பொய்யும் இல்ல. பழைய கப்பல் ஒண்ணுல டேங்க் மூடிய திறந்து உள்ள இறங்கினேன், முழங்கால் வரைக்கும் சாம்பல் நிற சேறு, டார்ச் அடிச்சா அதுக்குள்ள ஒரு சின்ன நண்டு ஓடுது. அந்த தண்ணிய ஏத்தி மூணு வாரம் ஆச்சு. கருங்கடலுக்கு இப்படித்தான் 1980கள்ல அமெரிக்க பக்கத்து சொறி (ஜெல்லி மீன்) மாதிரி ஒரு ஜந்து போச்சு, மீன் முட்டையையும் குஞ்சையும் அதுங்க திங்குற இரையையும் தின்னு நெத்திலி பாடே விழுந்து போச்சு. அதுக்குப் பிறகுதான் உலக அளவுல சட்டம் வந்துது, 2004ல எழுதி 2017 செப்டம்பர்லதான் அமலுக்கு வந்துது, பதிமூணு வருஷம்! முன்னாடி கரையில இருந்து 200 கடல் மைல் தாண்டி ஆழக்கடல்ல தண்ணிய மாத்தினா போதும். 2024 செப்டம்பர் 8ல இருந்து கப்பல்லயே மெஷின் வச்சு சுத்தம் பண்ணித்தான் வெளிய விடணும், பெரும்பாலும் வடிகட்டி, புற ஊதா வெளிச்சமோ குளோரினோ குடுப்பாங்க. ஒரு கன மீட்டர் தண்ணில 50 மைக்ரானும் (ஒரு மில்லிமீட்டர்ல இருவதுல ஒரு பங்கு) அதுக்கு மேலயும் உள்ள உயிரு 10க்கு கீழதான் இருக்கலாம்.

இதுல ஒரு விலக்கு இருக்கு, ஏஜென்ட்மாரு குழப்புறதே அதுலதான். எந்த இடத்துல ஏத்தினானோ அந்த இடத்துலயே திருப்பி விட்டா சுத்தம் பண்ண வேண்டாம். உங்க கிணத்துல கோரின தண்ணிய உங்க கிணத்துலயே ஊத்துற கணக்கு. ஆனா வேற ஊரு தண்ணியோ சேறோ அதுல கலந்திருக்கக் கூடாது. நான் சொன்னேனே அந்த சேறு, அது கிடக்குற டேங்க்ல நம்ம தண்ணிய ஏத்தி இறக்கினா அது நம்ம தண்ணி மட்டும் இல்ல. இத புரிஞ்சுக்கிட்டீங்கன்னா "இங்க கொட்டினாலே குத்தம்"ன்னு சொல்லுறவன் பேச்சையும் "இங்க ஏத்துனதுதானே"ன்னு சொல்லுறவன் பேச்சையும் ரெண்டையும் நம்ப மாட்டீங்க.

இனி நஷ்டஈடு. டேங்கர் எண்ணெய் கொட்டினா அதுக்குன்னு சர்வதேச நிதி இருக்கு. பேலஸ்ட் தண்ணிக்கு அப்படி ஒண்ணும் கிடையாது, அந்த சட்டத்துல மீனவனுக்கு காசு குடுக்குற பேச்சே இல்ல. எந்த கப்பல், எந்த தேதி, எந்த டேங்க்னு நிரூபிக்கவும் முடியாது. 2025 மே மாசம் கொச்சி பக்கம் கப்பல் முங்கி நம்ம கரை வரைக்கும் பிளாஸ்டிக் மணி ஒதுங்கிச்சே, அது வேற விஷயம். அந்த சூட்ட வச்சுதான் இவங்க இப்போ கிளம்பியிருக்காங்க. வெத்து பத்திரத்துல கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க, சத்தியமா சொல்லுறேன், நாளைக்கு உங்க பேருல எவனோ சமரசம் பேசிட்டு போவான், உங்களுக்கு தெரியவே தெரியாது.

அந்த கருத்த சிப்பி உண்மையிலேயே இருக்கு. தென்னமெரிக்கா பக்கத்து சரக்கு, அஷ்டமுடி காயல்ல பெருகி அங்க உள்ள பச்சை சிப்பிய ஒதுக்கிருச்சு. ஆனா அதுக்கு பிடிச்சது உப்பு கொறஞ்ச அமைதியான தண்ணி, அலை அடிக்குற உங்க பாறை இல்ல. மணக்குடி, தேங்காப்பட்டணம் பொழி (ஆறு கடல்ல சேருற இடம்) பக்கத்த கவனிங்க. தோடு மெலிசா, நம்ம சிப்பிய விட சின்னதா, கருப்பு இல்லன்னா கரும்பழுப்பு, கயித்துலயும் தூண்லயும் இடைவெளியே இல்லாம அப்பியிருக்கும். இது இங்க வரணும்னா கப்பல் வேண்டாம் தம்பி, சும்மா கிடந்த போட்டுக்கு அடியில ஒட்டியே வரும், கேரளாவுல இருந்து சிப்பி வளர்க்க மலிவா விதை தாறேன்னு ஒரு புரோக்கர் மூட்டையில கொண்டு வந்தாலும் போதும். மன்னார் வளைகுடாவுல குருசடை தீவு பவளத்துல படர்ந்த வெளிநாட்டு பாசி கப்பல் தண்ணியில வந்ததா? வளர்த்து விக்க மனுஷன் கொண்டு வந்தது. விதை வாங்கினா எங்க எடுத்ததுன்னு கேளுங்க, காயல்னா வேண்டாம்.

உங்க பாறையில சிப்பி கொறஞ்சதுக்கு மணல் மூடிச்சா, போன வருஷம் குஞ்சையே சுரண்டி எடுத்தாங்களான்னு முதல்ல முங்கி பாருங்க. சந்தேகமான சிப்பி கிடைச்சா பத்து எண்ணம் ஐஸ்ல போட்டு, இடத்தையும் தேதியையும் எழுதி மீன்வளத்துறை ஆபீஸ்லயோ விழிஞ்ஞத்துல உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துலயோ குடுங்க, திரும்ப தண்ணில வீசாதீங்க. மீன்வளத்துறை கப்பல் எங்க வேலை இல்லம்பான், கப்பல் பாக்குறவன் சிப்பி எங்க வேலை இல்லம்பான், விழிஞ்ஞம் கேரளாம்பான், கடலுக்கு என்ன பார்டரா போட்டிருக்கு? நமக்குன்னு ஒரு கவுண்டர் கூட இல்லாததாலதான் ஏஜென்ட் பொழைக்கான். இருந்தாலும் எழுதி குடுத்து சீல் போட்ட நகல வாங்கிட்டே வாங்க.

ஏற்கனவே காசு குடுத்தவங்க உங்க ஊருல இருந்தா, நாலு பேரா சேந்து போய் ரசீது கேக்க சொல்லுங்க, குடுத்த காப்பியையும் கையெழுத்து போட்ட பேப்பரையும் திரும்ப வாங்க சொல்லுங்க. தரல்லன்னா அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுதி குடுங்க.