84-க்கு 61 வாங்கினால் மனநோயா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு நாள் மாலை மேலாளரிடமிருந்து, 'நாளை பேச வேண்டும்' என்று ஒரே ஒரு வரி வந்தது. இரவு முழுக்கத் தூக்கமில்லை. காலையில் போனால், விடுமுறைத் தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்றுதான் கேட்டார். அதற்கப்புறமும் இரண்டு நாள் படபடப்பு அடங்கவில்லை. சின்ன விஷயத்துக்கும் அழுதுவிடுகிறேன். 'எதுக்கெடுத்தாலும் இப்படியா? கொஞ்சம் அடக்கிக்கோ' என்கிறார் கணவர். உணர்ச்சிவசப்படுவதை அளக்கும் 21 கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பினேன். 84-க்கு 61 வந்தது. எனக்கு மனநோயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பரீட்சை எழுதிய பழக்கமோ என்னவோ, கையில் ஒரு மதிப்பெண் வந்ததும் பாஸா ஃபெயிலா என்று பார்க்கிறோம். நீங்கள் சொல்லும் கணக்கை வைத்துப் பார்த்தால், அது அமெரிக்க உளவியலாளர் மேத்யூ நாக்கும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட அளவுகோலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை. அதில் இந்த எண்ணைத் தாண்டினால் நோய் என்று கோடு எதுவும் கிடையாது.

அது மூன்று சங்கதிகளைக் கேட்கிறது: உணர்ச்சி எவ்வளவு சுலபத்தில் கிளம்புகிறது, எவ்வளவு உக்கிரமாக வருகிறது, அடங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது. இந்த மூன்றையும் கூட்டித்தான் உங்கள் 61. படிவத்தை மறுபடி எடுத்து, எந்தக் கேள்விகளுக்கு 4 போட்டீர்கள் என்று பாருங்கள். 'நாளை பேச வேண்டும்' என்று மொட்டையாக ஒரு வரி வந்தால் எனக்கும் வயிற்றைக் கலக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விஷயம் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் இரண்டு நாள் போனதே, என் கண்ணில் பட்டது அதுதான்.

அதற்கும் பாதிக் காரணம் அந்த இரவாக இருக்கலாம். 2007-இல் ஓர் ஆய்வில், சிலரை ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்து, மறுநாள் மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டினார்கள். தூங்கியவர்களைவிட அவர்களுடைய மூளையில் அமிக்டலா என்ற பகுதி 60 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் கொதித்தது. பயத்துக்கு மணி அடிக்கும் இடம் அது. அந்தச் சமயத்தில் படிவத்தை நிரப்பியிருந்தால் எண் ஏறத்தான் செய்யும்.

மனநலத்தோடு தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பதற்ற நோய், மனச்சோர்வு, உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களும், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்களும் இந்த அளவுகோலில் அதிகம் வாங்குகிறார்கள். ஆனால் அதிகம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் நோய் என்று அதைத் திருப்பிப் படிக்கக் கூடாது.

இன்னொன்று, உணர்ச்சி குறைவாக இருப்பதே ஆரோக்கியம் என்றும் எண்ண வேண்டாம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், மனச்சோர்வு உள்ளவர்கள் சோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் மற்றவர்களைவிடக் குறைவாகவே அசைந்தது தெரியவந்தது. அழ முடிகிற உங்களைவிட, எதுவுமே மனதில் ஒட்டாத ஒருவரைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவேன். பெர்த் அளவுகோல் என்று 30 கேள்விகளோடு இன்னொன்று இருக்கிறது. அது நல்ல உணர்ச்சியையும் கெட்ட உணர்ச்சியையும் தனித்தனியாக அளக்கிறது. உங்கள் கடிதத்தில் சந்தோஷம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நல்லது நடந்தால் மனசு பொங்குகிறதா? பொங்கியது கொஞ்ச நேரம் தங்குகிறதா?

கணவருக்கு ஒரு வரி: அழுகையை முகத்தில் காட்டாமல் விழுங்கினால் உள்ளே இருப்பது அடங்கிவிடாது. ஆய்வகத்தில் அப்படி அடக்கிக்கொண்டவர்களின் உடம்பு கூடுதலாகவே பதறியது.

சரி, இனி என்ன செய்வது? இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு அடங்கியது, முந்தின இரவு எவ்வளவு தூங்கினீர்கள். அவ்வளவு போதும், கதையெல்லாம் வேண்டாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது என்றால் தூக்கத்தைச் சரிசெய்யப் பாருங்கள். நாள்கணக்கில் இழுத்தாலோ, வேலையும் சாப்பாடும் கெட்டாலோ, நோட்டோடு ஒரு உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். 61-ஐவிட அந்த நோட்டு அவருக்கு அதிகம் சொல்லும். உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், அந்த மேலாளர் மறுபடி 'நாளை பேச வேண்டும்' என்று அனுப்பினால், 'எதைப் பற்றி சார்?' என்று உடனே கேட்டுவிடுங்கள்.