சரித்திர நாடகமும் நிஜ மனுஷங்களும்: உங்க கேள்விக்கு என் பதில்

பெங்களூர்ல தமிழ் நாடகம் எழுதிப் போட்டுட்டு இருக்கறதால, இந்த மாசம் வந்த கேள்வி முக்காவாசி இதப்பத்திதான்.

அல்சூர்ல இருந்து ஒரு அம்மா: பொன்னியின் செல்வன் நந்தினி நிஜமா இருந்தவங்களா? என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா.

இல்லைங்க, கல்கியோட கற்பனை. ஆனா வந்தியத்தேவன் நிஜம், தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவைய அவரோட மனைவின்னு சொல்லியிருக்கு, அதுக்கு மேல அவரப் பத்தி பெருசா எதுவும் இல்ல, அதனாலதான் கல்கி அவர இஷ்டத்துக்கு குதிரையில சுத்த விட முடிஞ்சுது. ஆதித்த கரிகாலன் கொலையப் பாருங்க, காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கல்வெட்டுல சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு துரோகிங்க பேர் அப்படியே இருக்கு, சொந்தக்காரங்க சொத்து வரைக்கும் பறிமுதல். எதுக்குக் கொன்னாங்கன்னு மட்டும் அதுல இல்ல. அந்த எதுக்குக்குதான் நந்தினி வர்றா. ரவிதாசன்ங்கிற பேர கல்கி மாத்தவே இல்ல, கவனிச்சீங்களா? எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கே.ஆர்.புரம் தம்பி: தாத்தா கோலார் தங்க வயல்ல வேலை பாத்தவர். அவரு, அவர் கூட்டாளிங்க, மூணு பேரையும் ஒரே கேரக்டரா ஆக்கலாமா?

தாராளமா ஆக்கலாம் தம்பி, ஆனா புதுப் பேர் வைங்க. நானும் ஒரு தடவ சுரங்கக் கதை எழுதினப்ப, ஒரு மேஸ்திரியோட நிஜப் பேர வெச்சுட்டு, விறுவிறுப்பா இருக்கட்டும்னு அவர் லஞ்சம் வாங்கற மாதிரி ஒரு சீன் சேத்தேன். நாடகம் முடிஞ்சு மேக்கப் கலைச்சிட்டு இருக்கேன், ஒரு வயசான அம்மா வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, "எங்கப்பா அப்படி இல்லம்மா"ன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரியே அந்தப் பேர எடுத்துட்டேன். சுரங்கத்த 2001ல மூடினாங்க, அங்க இருந்து விடியக்காலை ரயில் ஏறி பெங்களூர் வேலைக்கு வர்ற ஜனங்க இன்னும் இருக்காங்க, உங்க நாடகத்துக்கு முன்வரிசையில உக்காரப் போறது அவங்கதான்.

பேர மாத்திட்டா கேஸ் வராதுல்ல?

அப்படிச் சொல்ல முடியாது. இருவர் படத்துல ஆனந்தன், தமிழ்ச்செல்வன்னு பேர் வெச்சும் யாருன்னு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சுதே. ஆள் அடையாளம் தெரிஞ்சா அவதூறு கேஸ் போடலாம், குடும்பத்தோட மனசப் புண்படுத்தணும்னே எழுதினா இறந்தவங்க விஷயத்துலயும் போடலாம். கொலைக் கேஸ்ல தூக்குத் தண்டனை வாங்கின ஆட்டோ சங்கரோட சுயசரிதை விவகாரத்துல 1994ல சுப்ரீம் கோர்ட், பொது ஆவணத்துல இருக்கறத எழுத சம்மதம் தேவையில்லன்னு சொல்லிச்சு, அதத் தாண்டி ஒருத்தரோட அந்தரங்கத்துக்குள்ள போறீங்கன்னா முதல்ல ஒரு வக்கீலப் பாருங்க.

வசனம் செந்தமிழ்லதான் இருக்கணுமா?

ராஜசபை சீன்ல இருக்கட்டும், வீட்டுக்குள்ள பேசற சீன்ல வேண்டாம். டொம்லூர் சொக்கநாதர் கோயில் வாசல் நிலைக்கல்லுல தமிழ் எழுத்து இருக்கு, கிட்டப் போய்ப் பாருங்க. யார் எதக் குடுத்தாங்கன்னு கணக்குதான். அதக் குடுக்கலாமா வேண்டாமான்னு அந்த வீட்டுல பேசியிருப்பாங்கல்ல, அந்தப் பேச்ச எழுதுங்க.