ஜீப்பில் சொன்ன வார்த்தை

கேள்வி: கோத்தகிரி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பத்து வருஷமாக ஃபுட்பால் டீம் வைத்திருக்கிறோம். நான் கேப்டன், வயது 33. வாரநாளில் எல்லாருக்கும் தோட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் பக்கத்துச் சின்னத் திட்டில் ஏழு ஏழு பேராகப் பிரிந்து ஆடுவோம். வீட்டுக்கு 200 ரூபாய் வசூல் செய்து ஜெர்சி வாங்கி, இந்த வருஷம்தான் முதல்முறையாக லோக்கல் லீக்கில் சேர்ந்தோம். முதல் மேட்சிலேயே 6–1 என்று தோற்றோம். காலையிலிருந்து மழை, மூடுபனி. எங்கள் கோல்கீப்பர் 19 வயதுப் பையன். தூரத்திலிருந்து வந்த சாதாரணப் பந்தைக் கையில் வாங்கி நழுவவிட்டான். ஓடி வந்தவன் தட்டிவிட்டான். அடுத்தது கார்னர், வெளியே வந்தான், பந்து எட்டவில்லை. ஹாஃப் டைமுக்கு முன் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, நான் வெளியே அடித்துவிட்டேன். கடைசி அரை மணியில் மட்டும் நாலு கோல். திரும்பும்போது ஜீப்பில் எல்லார் முன்னாலும், "உன்னாலதான்டா ஊர் மானம் போச்சு" என்று அவனைச் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. அவன் அம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஊர்ப் பெரியவர்கள் இந்த ஆட்டமே வேண்டாம் என்கிறார்கள். வேறு கீப்பரைப் போடலாமா? டீமையே கலைத்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பையன் விட்ட இரண்டு பந்தையும் நான் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெனால்டிக்கு ஒரே வரிதான். அது உள்ளே போயிருந்தால் 2–1 என்று இடைவேளைக்குப் போயிருப்பீர்கள், ஆட்டமே வேறாக இருந்திருக்கும். ஜீப்பில் அதைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? திறந்திருக்க மாட்டார்கள். நீங்கள் கேப்டன், எல்லாரையும்விட மூத்தவர். பேச்சு வாங்க வேண்டியவனாக மிஞ்சினது அந்தப் பையன்தான்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. பெனால்டி யாருக்கும் தவறும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது; இரண்டும் வீணாய்ப் போய், 2–1 என்று தோற்றோம். அதில் ஒன்றை அடித்தவர் சைலேன் மன்னா. மூன்றே வருஷத்தில், 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியபோது, கேப்டன் அதே மன்னாதான். அவரை அன்றைக்கே ஒதுக்கிவைத்திருந்தால் அந்த 1951-க்கு அவர் ஏது?

இப்போது அந்த முதல் கோலுக்கு வருகிறேன். 'சாதாரணப் பந்து' என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் குன்னூரில் பல வருஷம் பேக் ஆடியவன், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். நம்மூர் மூடுபனி இறங்கினால் நடுக்கோட்டில் நிற்கிறவனுக்குச் சொந்தக் கோல் கம்பமே தெரியாது. கீப்பரின் குரலை வைத்துத்தான் அவன் எங்கே நிற்கிறான் என்று கணக்குப் போடுவோம். கீப்பருக்கு அதைவிட மோசம். அடிக்கிற கால் அவன் கண்ணுக்குப் படாது. 'தப்' என்று ஒரு சத்தம், பிறகு பனிக்குள்ளிருந்து திடீரென்று பந்து. அதற்குள் அது பாதி வழி வந்திருக்கும். ஈரப் புல்லில் ஒரு தரம் பட்டதென்றால் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வேகமெடுக்கும். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம் உள்ள ஒரு வாசலில் அதை எதிர்பார்த்து ஒருவன் தனியாக நிற்கிறான். சரி, கையிலிருந்து நழுவியது. நழுவிய பந்துக்கு எதிராளி ஓடி வந்தானே, உங்கள் இரண்டு பேக்கும் அப்போது எங்கே நின்றார்கள்? கடிதத்தில் அவர்கள் வரவே இல்லை.

கடைசி நாலு கோலுக்கும் கீப்பருக்கும் சம்பந்தம் குறைவு என்றுதான் நினைக்கிறேன். சின்னத் திட்டில் ஏழு பேராக ஆடிப் பழகியவர்கள் நீங்கள். முழு கிரவுண்ட் என்றால் நீளம் மட்டும் 90 மீட்டருக்குக் குறையாது. முதல் ஒரு மணி நேரம் ஆசையில் ஓடியிருப்பீர்கள். அப்புறம் ஃபார்வர்டு போனவன் திரும்பி வர மாட்டான், நடுவில் ஆடுகிறவன் இடுப்பில் கை வைத்து நிற்பான், பேக்குக்கும் நடுவுக்கும் இடையில் பெரிய வெளி விழும். அந்த வெளியில் எதிராளி பந்தை வாங்கி, திரும்பி, நிதானமாகப் பார்த்து அடித்திருப்பான். ஈரத்தில் பூட்ஸ் வேறு இரண்டு மடங்கு கனக்கும். இதற்கெல்லாம் கீப்பரை மாற்றி என்ன பயன்? வேறு ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினால், தப்பு நடந்தால் தனக்கும் இதே கதிதான் என்று தெரிந்துகொண்டே அவன் நிற்பான். பயந்த கை பந்தை இன்னும் விடும்.

தோல்வி பதினொரு பேருடையது. ஜீப்பில் சொன்ன வார்த்தை உங்களுடையது மட்டும். அதை நீங்கள்தான் திரும்ப வாங்க வேண்டும்.

முதலில் அவன் வீட்டுக்குப் போங்கள். சாயங்காலம், அவன் அம்மா கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து, கால் கழுவி உட்கார்ந்த பிறகு போங்கள். துணைக்கு யாரும் வேண்டாம். "ஏதோ கோபத்தில் வந்துவிட்டது" என்று ஆரம்பிக்காதீர்கள், அது மழுப்பல். "பெனால்டியை விட்டது நான். அந்த ஆத்திரத்தை உன் மேல போட்டுட்டேன். தப்பு என்னுது" என்று அவன் அம்மா காதில் விழும்படி சொல்லுங்கள். கிரவுண்டுக்கு வா என்று அன்றைக்கே கையைப் பிடித்து இழுக்காதீர்கள். டீ கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

அது பாதிதான். எல்லார் முன்னாலும் சொன்னதை வீட்டுக்குள் மட்டும் திரும்ப வாங்கினால் கணக்குத் தீராது. ஞாயிற்றுக்கிழமை டீம் கூடும்போது, அவன் வந்தாலும் வராவிட்டாலும், ஜீப்பில் இருந்த அத்தனை பேரிடமும் இதே வார்த்தையைச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது போய்ச் சேரட்டும். ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு 22 வயதில் ஒரு மேட்ச் தோற்றுத் திரும்பும்போது எங்கள் கீப்பரை வேனில் ஒருவர் பேசாத பேச்செல்லாம் பேசினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறு மாதம் அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். போகிற அன்று விடியற்காலை அவனுடைய கிளவுஸ் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். கதவைக்கூடத் தட்டவில்லை. எத்தனையோ வருஷம் அது எங்கள் பரணில் கிடந்தது.

பெரியவர்களிடம் வாக்குவாதம் வேண்டாம். வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். லீக்கில் மிச்ச மேட்சையும் ஆடி முடிக்கிறோம் என்று சொல்லுங்கள். பாதியில் விட்டால்தான் அவர்கள் கொடுத்த பணம் வீண்.

பையன் திரும்பி வந்தால் அவனுக்கு ஒன்று சொல்லுங்கள். குன்னூரைத் தாண்டி இருக்கிற வெலிங்டனை அவனுக்குத் தெரியும். அங்கே இருக்கும் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரின் டீம் 1955-லும் 1958-லும், நாட்டின் பழைய ஃபுட்பால் கோப்பையான டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. அந்த டீமின் கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்காரர், முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, அப்புறம்தான் கோலுக்குள் போனவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணியில் இருந்தார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வாங்கிய அணியிலும் இருந்தார். அந்தப் போட்டியில் இந்தியா தென் கொரியாவிடம் முதலில் 2–0 என்று தோற்றது. ஃபைனலில் அதே கொரியாவை 2–1 என்று ஜெயித்தது. இடையில் இரண்டு வாரம்கூட இல்லை.

பயிற்சியையும் மாற்றுங்கள். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை தப்பாது, அதனால் ஈரப் பந்திலேயே பழக வேண்டும். கோல் பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் வையுங்கள். ஒவ்வொரு தரமும் பந்தை முக்கி எடுத்து அடியுங்கள். தாழ்ந்து வருகிற பந்துக்கு அவன் ஒரு முட்டியை மடக்கி, கைக்குப் பின்னால் உடம்பைக் கொண்டுவரட்டும். கை தவறினாலும் நெஞ்சிலோ தொடையிலோ பட்டு நிற்கும். பிடிக்க முடியாது என்று தோன்றினால் பிடிக்கவே வேண்டாம், பக்கவாட்டில் தட்டிவிடட்டும். கார்னருக்கு வெளியே வந்தால் முஷ்டியால் குத்தட்டும், வரும்போதே "கீப்பர்!" என்று கத்தட்டும். பேக் இரண்டு பேருக்கும் ஒரே வேலை: அவன் தட்டிய பந்துக்கு எதிராளியைவிட முன்னால் போவது. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது முழு கிரவுண்ட் கிடைக்கிற இடத்துக்குப் போய் ஓடுங்கள்.

கடைசி பத்து நிமிஷம் பெனால்டிக்கு வையுங்கள். அவன் கோலில் நிற்கட்டும், அடிப்பது நீங்களாக இருங்கள். அடுத்த மேட்ச் என்றைக்கு என்று கடிதத்தில் இல்லை. தேதியும் கிரவுண்டும் எழுதுங்கள். பஸ் ஏறி வந்து அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன்.